பதினாலு பூட்டு

நைனா முகம்மது கருவாடு விற்கிறவன். சிவகாசித் தெருவில் அவனுக்கு முன்னால் அவன் வாசனை வரும். வாசனைக்கும் முன்னால் ஒரு பூனை வரும். பழைய டி.வி.எஸ். ஐம்பது வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் ஓலைப்பெட்டி, கைப்பிடியில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். அந்தப் பந்தை அவன் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், நாரணாபுரம் பக்கத்துப் பெண்கள் எல்லாம் கையில் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும் பதினெட்டு வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். என் ஹாரனுக்கு ஒரு எருமை ஒதுங்கியது கிடையாது.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். நான் ஐந்தாவதோடு நின்றேன். அவன் எட்டாவது வரை போனான். அந்த மூன்று வருடப் படிப்பை இன்றைக்கும் கையெழுத்தில் காட்டிக்கொண்டிருக்கிறான். பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலை அப்படியே பின்னால் இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைப்பான். கருவாட்டுக்காரனுக்கு எதற்கு இரண்டு புள்ளி? கேட்டால் சிரிப்பான். பல்லும் வரிசையாக இருக்கும், அது வேறு.

அவன் தொழில் முறை தனி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை வைத்திருப்பான். தீ பிடித்தாலும் மழை பெய்தாலும் அந்தக் கிழமை மாறாது. எந்தத் தெருவில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று அவனுக்குத் தெரியும். போன வாரம் வரை அரைக்கிலோ நெத்திலி வாங்கிய வீட்டில் இந்த வாரம் மாமியார் கால்கிலோ, மருமகள் கால்கிலோ என்று தனித்தனியாக வாங்கினால், அங்கே அடுப்பு பிரிந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி எத்தனை சங்கதி அவன் வயிற்றுக்குள் இருக்கிறது தெரியுமா? ஒன்றைக்கூட வெளியே விடமாட்டான். எனக்கு மட்டும் அந்தச் சங்கதிகள் தெரிந்திருந்தால் ஆட்டோ ஸ்டாண்டில் நான் ராஜா.

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். மதுரையிலிருந்து பிரீத்திகா என்று ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். வரைபடம் போடுகிற ஒரு கம்பெனியில் வேலை. நாடு முழுவதையும் ஒரே மாதிரி வரைபடத்தில் ஏற்றுகிறார்களாம். எது ரோடு, எது வீடு, எது ஆலை, எது கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிய பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். படத்தில் தெரிகிற ஒவ்வொன்றையும் நேரில் போய்க் கண்ணால் பார்த்து, உள்ளூர் ஆளிடம் கேட்டு எழுத வேண்டும். இருபது நாளைக்கு வண்டி வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"வண்டி சரி. எடம், பேரு எல்லாம் சொல்றதுக்கு ஒரு ஆளும் வேணும்" என்றார்.

"ஆளு எதுக்கு மேடம்? நான் இருக்கேன்ல. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாத சந்து கெடையாது."

அவர் ஒரு தாளை விரித்தார். சாம்பலும் பழுப்புமாக இருந்த பூமிக்கு நடுவில் ஒரு துண்டு மட்டும் சிவப்பாக இருந்தது.

"இது ரோஜாத் தோட்டம்தானே?"

நான் குனிந்து பார்த்தேன். சிவப்பாக இருக்கிறது, பாத்தி பாத்தியாக இருக்கிறது, வேறு என்னவாக இருக்கும்? "ஆமா மேடம். ரோஜாதான். நல்ல வெளைச்சல்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. நைனா, கையில் டீ கிளாசோடு.

"ஏலே பலவேசம், கரிசக்காட்டுல ரோஜா வெளயுதா? எனக்குத் தெரியாம எப்பலேருந்து? மேடம், அது சரவெடிக் குழாய். செவப்புத் தாள் சுத்தி களத்துல காயப் போட்டிருக்காக. அடுத்த ஆர்டருக்குப் பச்சைத் தாள் எறங்கிருச்சு. இப்பப் போய்ப் பாருங்க, அதே எடம் பச்சையா கெடக்கும்."

போய்ப் பார்த்தோம். பச்சையாகக் கிடந்தது. அங்கேயே நின்று மேடம் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். காலையில் அவரோடு சுற்றுவான், சாயங்காலம் தன் கருவாட்டைப் பார்ப்பான். ஆக, என் வண்டி, என் டீசல், என் பெட்ரோல் பங்க் வரிசை. ஆனால் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஊரைக் காட்டுகிறவன் அவன்.

முதல் நாளிலிருந்தே அவன் "நைனா அண்ணே" ஆகிவிட்டான். நான் "டிரைவர்." "நைனா அண்ணே, இது என்ன?" "டிரைவர், நிறுத்துங்க." "நைனா அண்ணே, டீ சாப்பிடுறீங்களா?" "டிரைவர், வண்டிய ஓரமா போடுங்க." எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. முடி எனக்குத்தான் அதிகம்.

அந்தப் பெண்ணின் புத்தகத்தில் தண்ணீர் நிற்கிற இடத்துக்கெல்லாம் குளம் என்று ஒரே நம்பர்தான் போட்டிருந்தது. நைனா விடவில்லை.

"மேடம், ஊருணியும் கண்மாயும் ஒண்ணு இல்ல. ஊருணித் தண்ணி குடிக்கிறதுக்கு. கண்மாய் வயலுக்கு. கண்மாயில எருமையக் குளுப்பாட்டலாம். ஊருணில காலக் கழுவுனீகன்னா ஊரே சேர்ந்து வெரட்டும்."

"ரெண்டுக்கும் தனித்தனியா குறிப்பு எழுதுறேண்ணே. மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்று அவர் எழுதினார்.

இது எனக்குத் தெரியாதா? ஊரில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். ஆனால் முதலில் வாயைத் திறந்தவன் அவன். ஆடிக் காற்றுக்குத் தாள் பறந்தால், தன் எடைக்கற்களை எடுத்து நான்கு மூலையிலும் வைப்பான். "எவ்வளவு ஐடியா உங்களுக்கு!" என்பார் மேடம். அந்தத் தாளெல்லாம் மேலே பெரிய ஆபீசுக்குப் போய் விரிக்கும்போது நெத்திலி வாடை அடித்து அதிகாரிகள் மூக்கைப் பிடிக்க வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன்.

என்னை உண்மையாகவே அறுத்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கட்டம். "தகவல் தந்தவர்" என்று போட்டிருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் நைனா அதில் கையெழுத்துப் போடுவான். வாலை இழுப்பான். இரண்டு புள்ளி. தாள் போகிற இடமெல்லாம் அவன் பெயரும் போகும். இந்தியா வரைபடத்துக்குக் கருவாட்டு நைனா சாட்சி. வண்டி ஓட்டியவனுக்கு அந்தத் தாளில் ஒரு பொட்டு இடம்கூட இல்லை.

மூன்றாம் நாள் வண்டியில் அவன் பேச்சை எடுத்தான்.

"மேடம், நான் இந்த வேலைக்கு ஒத்துக்கிட்டதே ஒரு காரியத்துக்காகத்தான். நாரணாபுரம் தாண்டி மேக்க ஒன்றரை மைல்ல ஒரு பழைய பட்டாசு கம்பெனி இருக்கு. மூடி பத்து வருசமாச்சு. அந்தச் செட்டுகள்ல இப்பப் பதினாலு குடும்பம் இருக்கு."

மேடம் அந்தத் தாளை உருவிப் பார்த்தார். ஒன்பதாம் நம்பர். பட்டாசு செட்டு என்றால் ஒற்றை அறை; ஒன்றில் தீ பிடித்தால் அடுத்ததுக்குத் தாவாதபடி எட்ட எட்டக் கட்டியிருப்பார்கள்; இடையில் வேப்பமரம். வானத்திலிருந்து பார்த்தால் பதினாலு சின்னக் கட்டம், பதினாலு இடைவெளி. யார் பார்த்தாலும் ஆலை என்றுதான் சொல்வார்கள்.

"இதுல ஆள் இருக்காங்களா?"

"இருக்காக மேடம். எல்லாம் வேற கம்பெனிகளுக்கு வேலைக்குப் போறவுக. ரோடு கேட்டு யூனியன் ஆபீசுக்குப் போனா, அங்கன ஊரே இல்லையே, மேப்புல மூடுன கம்பெனின்னுல்ல இருக்குன்னு திருப்பி அனுப்பிருதாக. போன ஐப்பசியில பொன்னுத்தங்கம்னு ஒரு அக்கா மகளுக்கு வலி வந்துருச்சு. கரிசல் சகதி. ஒரு வண்டி உள்ள வரல. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாக. கண்மாய்க் கரையிலயே பிள்ள பெறந்துருச்சு. பொழச்சதே பெரிசு. அந்தப் பொண்ணு இப்ப மறுபடி உண்டாயிருக்கு, வர்ற ஐப்பசிதான் மாசம். இந்த ஐப்பசிக்குள்ள மேப்புல வீடுன்னு ஏறணும்."

"நான் ரோடு போடுற ஆள் இல்லண்ணே" என்றார் மேடம். "ஆனா வீடுன்னு பதிஞ்சா, ரோட்டுக்குக் கணக்கு எடுக்குறவங்க கண்ணுல படும். ஆலைன்னு பதிஞ்சா படாது. நேர்ல பார்க்காம எழுத முடியாது. ஒன்பதாம் ஷீட் வர்ற அன்னைக்குப் போவோம்."

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பாருங்கள், இதிலும் அவனுக்கு ஒரு பெரிய மனுசத்தனம்.

ஒன்பதாம் ஷீட் வருகிற அன்றைக்கு நைனாவால் வர முடியவில்லை. காரியாபட்டியிலிருந்து அவன் மகள் மஹ்ரீனைப் பெண் பார்க்க வருகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்தான்.

"பலவேசம், நீதான்லே நாளைக்கு மேடத்தக் கூட்டிட்டுப் போகணும். எட்டு மணிக்குள்ள போயிரு. எட்டரைக்கு அம்புட்டுப் பேரும் வேலைக்குக் கெளம்பிருவாக. போயி ஒரு வார்த்த, வீடுன்னு சொல்லிரு."

"போப்பா, போ. சம்பந்தி வர்றாக. மூணு தடவ குளி" என்றேன்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். மூன்று வருடமாக மாப்பிள்ளை பார்க்கிறேன். என் வண்டியில் எந்த வாசனையும் கிடையாது. அவன் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு கடலே காய்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும். அங்கே மாப்பிள்ளை வருகிறான், ஹார்டுவேர் கடை வைத்த மாப்பிள்ளை.

மறுநாள் நான் எட்டு மணிக்குப் போகவில்லை. டீசல் போட வேண்டும் என்றேன். வழியில் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தீப்பெட்டி ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். செட்டுகளுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

முள் படல் சாத்தியிருந்தது. உள்ளே பதினாலு செட்டு. பதினாலு கதவிலும் பூட்டு. காற்று மட்டும் வேப்பமரத்தில் பேசிக்கொண்டிருந்தது. ஒரு சுவரில் "அபாயம், புகை பிடிக்காதீர்" என்று பழைய சிவப்பு எழுத்து.

"நைனா அண்ணன் வீடுன்னு சொன்னாரே?" என்றார் மேடம்.

"நைனா நல்லவன் மேடம். அவனப் பத்தித் தப்பா ஒரு வார்த்த என் வாயில வராது. எல்லார் மேலயும் எரக்கம். அதனால கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான். இது பட்டாசு கம்பெனி. நானே இங்கன லோடு எறக்கியிருக்கேன். அந்தா எழுதியிருக்கு பாருங்க."

"ஆள் யாராவது இருக்காங்களா?"

"பூட்டுதானே மேடம் தொங்குது. நீங்களே பாருங்க."

இதில் எந்த இடத்திலாவது பொய் இருக்கிறதா? கிடையாது. கம்பெனிதான். லோடு இறக்கினேன்தான். பூட்டுதான்.

"ஒரு கோழி நிக்குதே."

"கோழி எங்கதான் மேடம் போகாது?"

முதல் செட்டின் வாசலில் காற்றில் பாதி அழிந்த கோலம் ஒன்று கிடந்தது. படலுக்கு வெளியே அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. வண்டியைத் திருப்புகிற சாக்கில் அந்தப் பக்கம் மறைத்து நிறுத்தினேன்.

மேடம் கைக்கருவியைப் பிடித்து இடத்தைப் பதிந்தார். தாளில் "மூடிய ஆலை" என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பேர் என்ன?"

பதினொரு நாளாக நான் வண்டி ஓட்டுகிறேன். அன்றைக்குத்தான் கேட்டார்.

"பலவேசம்."

தகவல் தந்தவர் கட்டத்தை என் பக்கம் நீட்டினார். என் கையெழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு நிதானமாகப் போட்டேன். கடைசி எழுத்தை இழுத்தேன். அடியில் இரண்டு புள்ளி வைத்தேன்.

சாயங்காலம் நைனா ஓடிவந்தான். மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். அதைக்கூட முதலில் சொல்லவில்லை.

"சொல்லிட்டியாலே?"

"பார்த்தாக, எழுதுனாக. நான் கையெழுத்தே போட்டேன்லே."

அவன் ஓலைப்பெட்டியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தான். "வீட்டுல சபுரா குடுக்கச் சொன்னா. வஞ்சிரம். விக்கிறதுக்கு இல்ல, வீட்டுக்கு வச்சது."

வாங்கிக்கொண்டேன். வீட்டில் வறுத்தார்கள். நல்ல கருவாடு. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு, மேடத்தை ஏற்றப் போகும் முன் ஒரு நடை அடிக்கலாம் என்று நாரணாபுரம் விலக்கில் நின்றேன். கம்பெனிப் பெண்கள் ஏறினார்கள். கடைசியாக ஒரு அம்மாள், செருப்பைக் கையில் பிடித்து, முழங்கால் வரை புழுதியோடு ஏறினார். ஒன்றரை மைல் நடை.

"நீங்கதான் பலவேசம் அண்ணனா?"

"ஆமா. எங்கன எறங்கணும்?"

"எறங்குறது இருக்கட்டும்ணே. என் பேரு பொன்னுத்தங்கம். நைனா அண்ணன் எல்லாத்தையும் சொன்னாக. அவுக வர முடியாத அன்னைக்கு நீங்கதான் மேடத்தக் கூட்டியாந்து, வீடுதான்னு அடிச்சுச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீகளாம்ல. என்னாலதான் ஆச்சுன்னு நெனைக்காதீக, எல்லாம் பலவேசத்தாலதான்னு அவுக சொன்னாக." மடியிலிருந்து நாலு கொய்யாப்பழம் எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "செட்டுக்குப் பின்னால காய்ச்சது. என் மக உங்களுக்குன்னு பறிச்சா."

வண்டியில் இருந்த எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "பார்த்தா இந்த அண்ணன் அப்பிடித் தெரியல" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. அவன் என்ன செய்திருக்கிறான் பாருங்கள். தன் கையில் இருந்த நல்ல பெயரை முழுசாக எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறான். கொடுக்கிறவனாகவும் அவனே இருக்கிறான். நான் என்னதான் கையெழுத்துப் போட்டாலும், வாங்குகிற இடத்தில்தான் நிற்கிறேன். அது மட்டுமில்லை. நாளைக்கு ரோடு வராவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் கண்மாய்க் கரைதான் என்றால், இந்தப் பெண்களுக்கு உண்மை தெரியும். அப்போதும் நைனா ஒன்றும் சொல்லமாட்டான். சிரிப்பான். அதை நினைத்தபடியே கொய்யாப்பழத்தைக் கடிக்காமல் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை. மேடம் தங்கியிருந்த லாட்ஜில் தாள்களைச் சுருட்டி நீளக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மதுரை. அங்கிருந்து மேலே.

"மேடம், ஒன்பதாம் ஷீட்டுல ஒரு சின்ன விசயம்."

"என்ன விசயம்?"

"பதினாலு வீடு."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "பூட்டுன கம்பெனின்னு சொன்னீங்க."

"பூட்டுனதுதான் மேடம். வேலைக்குப் போறவுக பூட்டிட்டுத்தான போவாக. எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னான் நைனா. நான் பதினொரு மணிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"ஏன்?"

சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தேன்.

"அந்தக் கட்டத்துல எம் பேரு வரணும்னு நெனச்சேன் மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஒன்பதாம் ஷீட்டை மட்டும் வெளியே உருவினார். "டிரைவர், வண்டிய எடுங்க" என்றார். ஒரே நாள் பலவேசமாக இருந்தேன், மறுபடி டிரைவர்.

நாங்கள் போகும்போது சாயங்காலம் ஐந்தரை. வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்கு நைனாவின் கிழமை. தூரத்திலேயே ஹாரன் கேட்டது. படல் திறந்து கிடந்தது. பதினாலு செட்டிலும் கதவு திறந்திருந்தது, கூரைக்கு மேல் புகை. பெண்கள் தட்டோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களைச் சுற்றிப் பூனைகள். கடைசி செட்டின் வாசலில் பொன்னுத்தங்கத்தின் மகள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போன ஐப்பசிப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"வாங்க மேடம், வாங்க" என்றான் நைனா. "மறுபடியும் வந்துருக்கீக. கருவாடு வேணுமா?"

மேடம் ஒவ்வொரு வாசலாகப் போய் எண்ணினார்.

"பதினாலுதானே அண்ணே?"

"வீடு பதினாலு. அடுப்பு பதினஞ்சு." குரலைத் தாழ்த்தி, "அஞ்சாவது வீட்டுல மாமியா மருமக தனித்தனி" என்றான். அந்தச் சங்கதி எனக்குக் கேட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து நான் பிடித்த ஒரே சங்கதி.

"இந்த இடத்துக்குப் பேர் என்ன எழுத?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி, "நைனா அண்ணன் பேர வச்சுருங்க மேடம்" என்றாள். வரைபடத்திலேயே ஏறப் போகிறானா?

நைனா பெரிதாகச் சிரித்தான். "கருவாட்டுக்காரன் பேர வச்ச ஊருக்குப் பொண்ணு எடுக்க எவன் வருவான்? நீங்க கண்டக்டர்கிட்ட என்ன சொல்லி எறங்குவீக?"

"செட்டுக்காடு" என்றார் பொன்னுத்தங்கம்.

"அதையே எழுதுங்க மேடம்."

எழுதினார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு அவர் ஆட்டோ சீட்டில் தாளை விரித்தார். நைனா வழக்கம்போல மூலைக்கு ஒரு எடைக்கல் வைத்தான். "மூடிய ஆலை" என்ற எழுத்தின் மேல் மேடம் அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு இழுத்தார்.

"ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடிக்கணும். அடிச்சதுக்குப் பக்கத்துல, முதல்ல சொன்னவர் தப்புன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். கீழ புதுசா சொல்றவர் கையெழுத்து."

நைனா தாளைக் குனிந்து படித்தான். முதலில் "மூடிய ஆலை." பிறகு கட்டத்தில் என் பெயர். அவன் விரல் என் பெயரின் அடியில் போய் நின்றது. அந்தப் புள்ளிகள் மேல்.

"ஏலே. இது யாரு புள்ளி?"

நான் ஒரு எடைக்கல்லை நேராக நகர்த்தி வைத்தேன்.

"கையெழுத்து, புள்ளி எல்லாத்தையும் எங்கிட்ட இருந்து எடுத்துருக்க. எட்டு மணிக்குப் போன்னு சொன்னேன், அத மட்டும் எடுக்கல."

பெண்கள் தூரத்தில் கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதபடிதான் சொன்னான். அதையாவது கேட்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். நானும் சண்டை போட்டிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். அவன் பேனாவை என் கையில் கொடுத்தான்.

நண்டு மாதிரி எழுதினேன். வாலை இழுக்கவில்லை. பேனாவை எடுக்கப் போனேன்.

"வையிலே" என்றான். "புள்ளிய வை. பாதியில விட்டா மேல இருக்கறவுக வேற ஆளுன்னு நெனைப்பாக."

வைத்தேன். அவன் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

"ஐப்பசிக்குள்ள ரோடு வராது பலவேசம்" என்றான் பிறகு, பெட்டியைக் கட்டிக்கொண்டே. "தாளு மேல போயி, அங்கன இருந்து எறங்கி வர்றதுக்குள்ள ரெண்டு மழ பெஞ்சிரும். அந்தப் பிள்ளைக்கு நேரம் நெருங்கும்போது நீதான் வண்டியக் கொண்டாந்து இங்கன போடணும்."

"கரிசல்ல எம் வண்டி புதையும்."

"புதையட்டும். தோண்டி எடுப்போம்."

ஐப்பசியில் வண்டியைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒன்பது நாள் செட்டுக்காட்டு வேப்பமரத்தடியில்தான் கிடந்தது, சவாரி போச்சு. பத்தாம் நாள் காலை வலி வந்தது. கண்மாய்க் கரையில் அச்சு வரை புதைந்தோம். நைனாவும் செட்டுக்காட்டு ஆண்கள் எட்டுப் பேரும் தள்ளினார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில், கட்டிலில், டாக்டர் கையில் பிறந்தது. ஆண் பிள்ளை. ஓட்டியவன் நான். ஆனால் மறுநாள் நாரணாபுரம் விலக்கில் பெண்கள் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "நைனா அண்ணன் மட்டும் வண்டிய அனுப்பலைன்னா என்ன ஆயிருக்கும்!"

ரோடு அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. முதலில் சரளை, பிறகு தார். இப்போது என் வண்டி தினமும் காலை எட்டரை மணிக்குச் செட்டுக்காட்டு வாசல் வரை போகிறது. பதினைந்து பேர் ஏறுகிறார்கள். பொன்னுத்தங்கம் செருப்பைக் காலில்தான் போட்டுக்கொண்டு ஏறுகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிரே அந்த டி.வி.எஸ். வரும். ரோடு நன்றாக இருப்பதால் அவன் வியாபாரம் இன்னும் பெருகிவிட்டது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்டாண்டில் யாராவது நைனாவின் அருமை பெருமையை ஆரம்பித்தால் நான் ஒன்றைச் சொல்லாமல் விடுவதில்லை. நாடு முழுவதுக்கும் போட்ட வரைபடத்தில், ஒன்பதாம் நம்பர் ஷீட்டில், அவன் கையெழுத்து ஒன்றுதான். என் கையெழுத்து இரண்டு. ஆபீசில் போய் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

ஒரு தடவை அவனே அந்தப் பக்கம் வண்டியில் போகும்போது இதைக் கேட்டுவிட்டான். நிறுத்தவில்லை. ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கி, திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

"ரெண்டுலயும் புள்ளி என்னுதுலே!"